கேள்வியாரின் இடது கை

மணி அடித்து, கதவுகளைச் சாத்தி, அவைத்தலைவர் "வாக்கெடுப்பு" என்று சொல்லி முடிப்பதற்குள் கேள்வியாரின் இடது கட்டைவிரல் பச்சைப் பொத்தானை அழுத்தியிருக்கும். தலை நிமிராது. வலது கை அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும். மேசையின் இடது ஓரத்தில் ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள் என்று மூன்று பொத்தான்கள். பச்சையின் மேல்பூச்சு தேய்ந்து வெளுத்துவிட்டது. மற்ற இரண்டும் நேற்றுத்தான் கடையிலிருந்து வந்தவைபோல் இருக்கின்றன. அவைத்தலைவரின் நாற்காலிக்கு மேலே ஒரு பெரிய பலகை உண்டு. யார் எதை அழுத்தினார்கள் என்று இருக்கை எண்படி அதில் விளக்கு எரியும். தன் இருக்கையான எண்பத்தேழாம் எண்ணில் பச்சை எரிவதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்குத்தான் கண் பூத்துப்போயிற்று.

அவர் என் அக்காவின் கணவர். ஆளும் கட்சியின் கடைசிக்கு முந்தைய வரிசை உறுப்பினர். பதினோரு வருடமாக அவருடைய அலுவலக உதவியாளன் நான். வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னேன், அக்கா கேட்கவில்லை. அவையில் அவருக்குக் 'கேள்வியார்' என்று பெயர். வாசலில் பையைச் சோதிக்கிற காவலர்கூட "கேள்வியார் வந்துட்டாரு" என்றுதான் உள்ளே சொல்லி அனுப்புவார். சட்டைப்பையில் மூன்று பேனா, அதற்குப் பின்னால் நான்காக மடித்த மஞ்சள் நிற வினாப் படிவங்கள். பை பிதுங்கி, வலது நெஞ்சைவிட இடது நெஞ்சு அரை அங்குலம் பருமனாகத் தெரியும்.

அரசியலுக்கு வருமுன் கடைகளில் தராசையும் படியையும் சோதிக்கிற எடை அளவு ஆய்வாளராக இருந்தார். கட்சியில் யாருக்கும் அவரைத் தெரியாது. தேர்தலில் உண்மையான வேட்பாளர் வேறொருவர்; பெரிய கை. சம்பிரதாயத்துக்கு ஒரு மாற்று வேட்பாளர் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்று, கையெழுத்து நன்றாக இருந்த இவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். பரிசீலனையன்று பெரிய கையின் மனுவில் ஏழாம் பக்கத்தில் கையெழுத்து இல்லை என்று தள்ளுபடியாகிவிட்டது. இவருடைய மனுவில் ஒரு புள்ளிகூடத் தவறில்லை. அந்த வருடம் வீசிய அலையில் யார் நின்றாலும் ஜெயித்திருப்பார்கள், இவர் ஜெயித்தார். அன்றிலிருந்து இரண்டு விஷயங்களில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஒன்று, தன்னை ஆளாக்கியது கட்சி. இரண்டு, படிவத்தைச் சரியாக நிரப்பினால் உலகத்தில் எதுவும் நடக்கும்.

அவை கூடும் நாட்களில் ஒரு உறுப்பினர் வாரத்துக்கு ஐந்து கேள்விகளை எழுத்து மூலம் அமைச்சர்களிடம் கேட்கலாம். பதினைந்து நாளில் பதில் வர வேண்டும். மற்றவர்கள் வருடத்துக்கு ஐந்து கேட்டாலே பெரிய காரியம். இவர் ஒரு வாரம்கூட ஐந்தை வீணாக்கியதில்லை. நான் தட்டச்சு செய்து எண் போட்டவை மட்டும் இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம். பாலத்தின் மேற்குப் பக்க விளக்குகளில் எத்தனை எரிகின்றன? அரசு மருத்துவமனை லிஃப்டுகளில் பொத்தான்கள் தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் உள்ளன? சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எட்டுமா? எட்டாதெனில் காரணம் என்ன? எல்லாம் (அ), (ஆ), (இ) என்று பிரித்து, நூற்றைம்பது சொல்லுக்குள் அடங்கியிருக்கும். ஒரு காற்புள்ளிக்காக என்னைக் காலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் எழுப்பியிருக்கிறார்.

பதில்களும் வரும். வந்து என்ன பயன்? "(அ) ஆம். (ஆ) தகவல் திரட்டப்பட்டு வருகிறது. (இ) எழவில்லை." இந்த 'எழவில்லை' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் என் கையில் கிடைக்க வேண்டும். 'இல்லையெனில் ஏன் இல்லை' என்று கேட்டால், முதல் கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிட்டோமே, ஆகவே அடுத்த கேள்வி எழவே இல்லை என்று அர்த்தமாம். அதைப் படித்துவிட்டு நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவர் அதைத் தேதிவாரியாகக் கோப்பில் சேர்த்துவிட்டு, "அடுத்த தடவை 'ஆம்'னு சொல்ல முடியாத மாதிரி கேக்கணும் மாப்ளே" என்பார்.

இதுவரைக்கும் சரி, வேலை செய்கிற மனிதர் என்று விட்டுவிடலாம். என்னைப் பைத்தியமாக்குவது இன்னொரு கணக்கு. நான் சொல்லப்போகிற அந்த வாக்கெடுப்பு நாள்வரை அறுநூற்றுப் பதினான்கு வாக்கெடுப்புகள். அறுநூற்றுப் பதினான்கிலும் வந்திருக்கிறார். கால் முறிந்து மாவுக்கட்டோடு இருந்தபோது சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். லிஃப்டில் பொத்தான் எட்டுகிறதா என்று அப்போதுதான் பார்த்தார். அத்தனையிலும் கட்சி சொன்னபடி பச்சை. காலையில் கிராமத் தபால் நிலையங்களை மூடுகிற சட்டத்துக்குப் பச்சை அழுத்துவார். மாலையில், "மூடப்பட்ட தபால் நிலையங்களை நம்பியிருந்த முதியோர் எத்தனை பேர்? அவர்கள் நடந்து செல்ல வேண்டிய கூடுதல் தூரம் எவ்வளவு?" என்று கேள்வி எழுதி என்னிடம் நீட்டுவார். தொகுதி மக்களிடம் எதைக் காட்டி எதை மறைப்பது என்று எனக்குத்தான் திண்டாட்டம். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"கை கட்சிக்கு மாப்ளே. பேனா ஜனங்களுக்கு."

இதை ஏதோ பெரிய தத்துவம் கண்டுபிடித்ததுபோல் சொல்லிவிட்டு, தேநீரில் சர்க்கரை கம்மி என்றார்.

பேச்சு என்பது அவருக்கு ஒத்துவராத சமாசாரம். பதினோரு வருடத்தில் அவையில் அவர் குரல் கேட்டது மூன்று முறை; மூன்றும் பதவிப் பிரமாணம். அதையும் எழுதிக் கொடுத்திருந்ததால் பிழைத்தார். எழுந்து நின்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். காது மடல் சிவக்கும். வீட்டிலும் அப்படித்தான். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு அலுவலகம் போய்விடுவார். "(அ) நேற்று மாலை மருந்து எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய்? (ஆ) தாமதமெனில் காரணம் யாது?" அக்கா அதற்கடியிலேயே எழுதுவாள்: "(அ) எட்டரை. (ஆ) தகவல் திரட்டப்பட்டு வருகிறது."

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் நான்கு வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். ஒருமுறைக்கு நான்கு மணி நேரம். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. பழைய ஆய்வாளர் சும்மா இருப்பாரா? ஒரு கண்ணாடிப் புட்டியில் ஐம்பது மில்லிக்கு ஒரு கோடாகத் தன் கையாலேயே கோடு இழுத்துக் கொடுத்திருக்கிறார். கடையில் விற்கிற அளவுக் குவளைகளை அவர் நம்புவதில்லை. காலையில் அந்தப் புட்டியை நிரப்பிக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். செவ்வாயும் வியாழனும் அவைக்கூட்டம் இருப்பதால் மருத்துவமனைக்கு அக்காவோடு போவது நான்.

எங்கள் ஊர் மருத்துவமனையின் பின்கட்டில், துணி வெளுக்கும் அறைக்குப் பக்கத்தில் அந்தப் பிரிவு இருந்தது. ஆறு இயந்திரம். ஆறாவது இயந்திரம் வந்த கதை ஊருக்கே தெரியும். "கிடங்கில் பிரிக்கப்படாமல் உள்ள டயாலிசிஸ் இயந்திரங்கள் எத்தனை? எவ்வளவு காலமாக?" என்று கேள்வியார் ஒருமுறை கேட்டார். யாரோ ஒரு அப்பாவி எழுத்தர், 'எழவில்லை' என்று எழுதத் தெரியாமல், "ஒன்று; பதினான்கு மாதமாக" என்று உண்மையை எழுதி அனுப்பிவிட்டார். எழுதிய பிறகு எப்படிக் கிடங்கில் வைத்திருப்பது? பத்தே நாளில் கொண்டுவந்து மாட்டினார்கள். அப்போது அக்காவுக்கு நோய் இல்லை. பிறகு அந்த ஆறாவது இயந்திரம்தான் அவளுக்கு வாய்த்தது. இரண்டாயிரத்து நூறு கேள்வியில் உருப்படியாக நடந்தது அது ஒன்று. அந்த ஒன்று போதும், அவரை மேற்கொண்டு பத்து வருடம் எழுதவைக்க.

பின்கட்டில் அக்காவுக்கு இரண்டு பக்கத்து மெத்தைக்காரர்கள். ஒருவர் தையல்காரர், இன்னொருவர் லாரி ஓட்டுநர். மூன்று பேரும் நான்கு மணி நேரம் ஒரே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்கள். பேசாத விஷயம் கிடையாது. அவையின் இணையதளத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் எதற்கு என்ன வாக்களித்தார் என்ற பட்டியல் வரும். அதைக் கைபேசியில் திறந்து உரக்கப் படிப்பது தையல்காரரின் பொழுதுபோக்கு. "உங்க வீட்டுக்காரரு இந்த வாரமும் பச்சைதாம்மா" என்பார். அக்கா, "வேற கலரு அவருக்குத் தெரியாது" என்று சிரித்து விட்டுவிடுவாள்.

சிரிப்பு நின்றது, சிறிய டயாலிசிஸ் பிரிவுகளை மூடும் மசோதா வந்தபோது. பன்னிரண்டு இயந்திரத்துக்குக் குறைந்த பிரிவுகளை எல்லாம் பெரிய மருத்துவமனைகளோடு சேர்த்துவிடுவார்களாம். எங்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் போக ஒரு மணி ஐம்பது நிமிடம், வர அதே அளவு. டயாலிசிஸ் முடித்தவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர்களால் வாசல்வரை நடப்பதே பெரிய பாடு. அந்தச் செவ்வாய்க்கிழமை தையல்காரர் பட்டியலைத் திறக்கவில்லை. "உங்க வீட்டுக்காரரு என்னம்மா பண்ணப்போறாரு?" என்று மட்டும் கேட்டார். லாரி ஓட்டுநர் பக்கத்து மெத்தையில் கண்ணை மூடிக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

அக்கா வீட்டுக்கு வந்ததும் அவருடைய மேசையிலிருந்து ஒரு மஞ்சள் படிவத்தை உருவினாள். அமைச்சர் பெயர் எழுதும் இடத்தில் கணவரின் பதவியை எழுதினாள். "(அ) மேற்படி மசோதாவுக்கு உறுப்பினர் எந்தப் பொத்தானை அழுத்துவார்? (ஆ) பச்சையெனில், அதை அவர் மனைவி பக்கத்து மெத்தைக்காரர்களிடம் எந்த வார்த்தைகளில் சொல்ல வேண்டும்?" சாப்பாட்டு மேசையில் அவர் தட்டுக்குக் கீழே வைத்துவிட்டாள். அவர் படித்தார். எழுந்து அறைக்குள் போனார். கால் மணி நேரத்தில் பதில் வந்தது: "(அ) பரிசீலனையில் உள்ளது. (ஆ) எழவில்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோப்புகளை எல்லாம் வாசலில் போட்டுக் கொளுத்தியிருப்பேன். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"உங்க ஒரு ஓட்டுல ஒண்ணும் நிக்காதுன்னு எனக்குத் தெரியும். அது மூடட்டும். ஆனா அந்தப் பட்டியல்ல உங்க பேருக்கு நேரா சிவப்புன்னு இருக்கணும். அவங்ககூடப் படுத்திருக்கறது நான்."

அவர் படிவத்தைத் திரும்ப வாங்கினார். (அ)வுக்கு எழுதியதை அடித்துவிட்டு, 'சிவப்பு' என்று ஒரே சொல் எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட்டார். அவர் எழுதி நான் பார்த்த மிகச் சிறிய வாசகம் அது. அக்கா அதை மடித்துக் கைபேசி உறைக்குள் செருகிக்கொண்டாள். வியாழக்கிழமை பின்கட்டில் மூன்று மெத்தையையும் அது சுற்றிவந்தது. தையல்காரர் இரண்டு முறை படித்தார். லாரி ஓட்டுநர் அன்று முழுக்கப் பழைய வழித்தடக் கதைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்சி தடுத்திருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் பயந்தேன். அவர் கட்சிக் கொறடாவிடம் போய், சிவப்பு அழுத்த அனுமதி கோரி ஒரு கடிதம் நீட்டினார். வாயால் கேட்க அவருக்கு வராது. கொறடா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். வேண்டிய பெரும்பான்மை இருக்கிறது, உடம்பு சரியில்லை என்று அன்று வீட்டில் இருந்துவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். நம்மவருக்கு முகமே மாறிவிட்டது. "வராம இருக்கறதா?" என்றார், ஏதோ திருடச் சொன்னதுபோல். கொறடா கையை விரித்து, "அப்ப உங்க இஷ்டம்ங்க. பதினோரு வருஷத்துல ஒரு தடவை. நான் கண்டுக்கல" என்று போய்விட்டார். ஆக, அவரைத் தடுக்க இந்த உலகத்தில் ஒருவரும் பாக்கியில்லை.

வாக்கெடுப்பு ஒரு புதன்கிழமை. டயாலிசிஸ் இல்லாத நாள். "நானும் வருவேன்" என்று அக்கா பிடிவாதமாகக் கிளம்பிவிட்டாள். மாடத்தின் முதல் வரிசையில் உட்காரவைத்தேன். கீழே அவர் உள்ளே வந்தார், நிமிர்ந்து பார்த்தார், பொத்தான் இருக்கிற பக்கமாக லேசாகக் கண்ணைக் காட்டினார். அக்கா கைபேசி உறையைத் தொட்டுக்கொண்டாள். அன்று சட்டைப்பை தட்டையாக இருந்தது. படிவங்களை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த ஒரு விஷயத்துக்காக அவரை மனதுக்குள் பாராட்டவும் செய்தேன்.

விவாதம் மூன்று மணி நேரம். கடைசியில் சுகாதார அமைச்சர் எழுந்து, நோயாளிகளுக்குக் கூடுதல் பயணம் சராசரியாக நாற்பதே நிமிடம் என்றார். நான் கீழே பார்த்தேன். எண்பத்தேழாம் இருக்கையில் முதுகு விறைத்தது. தவறான எடைக்கல்லைக் கண்டுபிடித்த ஆய்வாளரின் முதுகு அது. ஒரு மணி ஐம்பது நிமிடத்தை நாற்பது நிமிடம் என்று ஒருவன் சொன்னால் அவருக்கு எப்படித் தாங்கும்? கால்சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் படிவம் வெளியே வந்தது. ஒன்றே ஒன்று. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார், பாவி மனிதர். பேனா திறந்தது. தலை கவிழ்ந்தது.

அப்போது மணி அடித்தது.

அத்தான், அத்தான் என்று என் மனம் கதறியது. மாடத்தில் வாயைத் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். கதவுகளைச் சாத்தினார்கள். அவைத்தலைவர் "வாக்கெடுப்பு" என்றார். வலது கை எழுதிக்கொண்டிருந்தது. இடது கை தன்பாட்டுக்கு ஊர்ந்துபோய், பதினோரு வருடமாக அறுநூற்றுப் பதினான்கு முறை போன இடத்துக்குப் போய், கட்டைவிரலால் அழுத்தியது. பலகையில் எண்பத்தேழு பச்சையாக எரிந்தது.

"என்னடா இது?" என்றாள் அக்கா, மிக மெல்ல.

கீழே அவர் (இ)யை எழுதி முடித்து, ஒரு புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. படிவத்தை இரண்டு விரலால் தூக்கி, மாடத்தில் இருக்கிற அக்காவுக்குத் தெரிகிற மாதிரி காட்டினார். பார், உனக்காகக் கேட்டுவிட்டேன் என்று சொல்வதுபோல. நான் பலகையைக் கை நீட்டிக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து தன் இடது கையைப் பார்த்தார்.

அப்போதும் காரியம் கெட்டுவிடவில்லை. எண்ணிக்கையை அறிவிக்குமுன், தவறாக அழுத்தியவர்கள் திருத்திக்கொள்ளலாம் என்று அவைத்தலைவர் வழக்கம்போல் கேட்டார். முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து, "முப்பத்தொண்ணு, என்னோடது சிவப்பு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மூன்று விநாடி வேலை. கேள்வியார் பாதி எழுந்தார். வாய் திறந்தது. காது மடல் இரண்டும் சிவந்துவிட்டதை மாடத்திலிருந்தே பார்த்தேன். சொல்லுங்க, ஒரே ஒரு சொல், நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்ட சொல்! உட்கார்ந்துவிட்டார். அவைக் காவலரைக் கைகாட்டி அழைத்து, திருத்தச் சீட்டு ஒன்றை வாங்கினார்.

அந்தச் சீட்டில் இருக்கை எண், நிறம் இரண்டும் எழுதினால் போதும். கீழே 'காரணம்' என்று இரண்டு வரிக்கு இடம் விட்டிருப்பார்கள். யாரும் அதை நிரப்புவதில்லை. இவர் காரணத்தில் தொடங்கினார். இரண்டு வரி நிரம்பியது. ஓரத்தில் எழுதினார். சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினார். அங்கேயும் (அ), (ஆ) போட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவைத்தலைவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஆதரவு எண்பது, எதிர்ப்பு அறுபத்தேழு, மசோதா நிறைவேறியது என்று அறிவித்தார். கேள்வியார் சீட்டை உயர்த்திப் பிடித்தார். காவலர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார், வாங்கிக்கொள்ளவில்லை.

திரும்பி வருகிற காரில் முன்இருக்கையில் இருந்த அவர், திரும்பாமலே அந்த மஞ்சள் படிவத்தைப் பின்னால் நீட்டினார். "(அ) நாற்பது நிமிடம் என்ற கணக்கு எந்த வாகனத்தில், நாளின் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது? (ஆ) அவ்வாகனத்தில் டயாலிசிஸ் முடித்த நோயாளி இருந்தாரா? (இ) இல்லையெனில், கணக்கைத் திரும்ப எடுக்க அரசு முன்வருமா?" அக்கா முழுவதும் படித்தாள்.

"கேள்வி நல்லாத்தாங்க இருக்கு" என்றாள்.

அதைவிட அவர் திட்டு வாங்கியிருக்கலாம். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன்; எனக்கே ஒரு நிமிடம் இரக்கம் வந்தது. அடுத்த நிமிடம் போய்விட்டது.

மறுநாள் பின்கட்டில், அவர்கள் கேட்குமுன் அக்காவே சொல்லிவிட்டாள்: "கை தவறிப் பச்சையை அழுத்திட்டாரு." தையல்காரர் சற்று யோசித்துவிட்டு, முப்பது வருடம் தைத்த பிறகும் தன் விரலிலேயே ஊசி ஏற்றிக்கொண்ட நாட்கள் உண்டு என்றார். நல்ல மனிதர். லாரி ஓட்டுநர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நான்கு மணி நேரமும் அக்காவுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

நாற்பது நிமிடக் கேள்விக்குப் பதினைந்தாம் நாள் பதில் வந்தது. "(அ) ஆம்புலன்ஸில், அதிகாலை நான்கு மணிக்கு. (ஆ) இல்லை. (இ) பரிசீலிக்கப்படும்." மூன்று மாதத்தில் பின்கட்டைப் பூட்டினார்கள். ஆறு இயந்திரங்களையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே மாதம் ஏதோ ஒரு மக்கள் சங்கம், வருகையிலும் வினாக்களிலும் முதலிடம் என்று கேள்வியாருக்கு ஒரு கேடயம் அனுப்பியது. அவர் அதைப் பிரிக்கவே இல்லை. எனக்குத்தான் அதை எடுத்து யார் தலையிலாவது போட வேண்டும்போல இருந்தது.

இதை எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும். கைப்பிரதியைக் கேட்டு வாங்கிப் படித்தார். கோபப்படுவார், ஏதாவது மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழை என்று குறித்திருந்தார். வாக்கெடுப்பு எண்ணிக்கையில் 'அந்த நாள்வரை' என்று சேர்க்கச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒன்பது நடந்துவிட்டதாம். ஒன்பதும் பச்சை. இந்த மனிதரை நான் என்ன செய்ய?

இப்போது செவ்வாயும் வியாழனும் நான் காலை ஐந்து மணிக்கு வேனில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். சனிக்கிழமை அவையில்லை, அவரும் வருகிறார். போன சனிக்கிழமை மூவரும் போயிருந்தோம். பெரிய மருத்துவமனையில் நீளமான கூடம், இருபது மெத்தை. தையல்காரருக்கு வேறு நேரம் கொடுத்துவிட்டார்கள். லாரி ஓட்டுநர் எதிர் வரிசையில் இருக்கிறார். அக்காவைப் பார்த்தால் தலையசைக்கிற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறார். அக்காவின் இடது கையில் ஊசிகளைக் குத்தி, குழாய்களை ஒட்டி, இயந்திரத்தை ஓடவிட்டுச் செவிலி போனார். கேள்வியார் ஒரு முக்காலியை இழுத்து, அக்காவின் வலது பக்கமாக, அவள் பார்க்கிற திசையிலேயே பார்த்து உட்கார்ந்தார். கூடத்தில் உள்ள இயந்திரங்களை வரிசையாக எண்ணினார். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒட்டியிருந்த எண்ணை எட்டிப் பார்த்தார். நம் ஊர் இயந்திரம் ஒன்றுகூட அங்கே இல்லை.

முழங்காலில் ஒரு மஞ்சள் படிவத்தை விரித்தார். பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். "(அ) மூடப்பட்ட பிரிவிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ஆறு டயாலிசிஸ் இயந்திரங்கள் தற்போது எங்கே உள்ளன? (ஆ) கிடங்கிலெனில்," என்று எழுதிக்கொண்டே போனார். இடது கை மெத்தையின் ஓரத்தில் சும்மா கிடந்தது. எழுத்தின் வேகத்துக்கு அதன் கட்டைவிரல் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் திருப்பவில்லை. ஊசி இல்லாத வலது கையை நகர்த்தினாள். அந்தக் கட்டைவிரலைத் தேடி எடுத்து, தன் உள்ளங்கைக்குள் மூடி இறுகப் பிடித்துக்கொண்டாள். நான்கு மணி நேரமும் விடவில்லை.